திறமை என்கிற தூண்டில்

லிமிட் ஹோல்டம் போக்கர் ஆடத் தொடங்குபவர்களுக்கான குறிப்புகள் இப்போது தமிழிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. காணொளியாக, வாட்ஸ்அப் செய்தியாக, ‘பத்து உத்திகள்’ என்று தலைப்பிட்ட கட்டுரையாக. அவற்றில் கணிசமானவற்றை உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். அவற்றில் பொய் அதிகம் இல்லை என்பதுதான் என் முதல் வருத்தம். பொய்யாக இருந்தால் ஒரு வரியில் தள்ளிவிடலாம். இவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்லித்தருகிறார்கள். சரியான விஷயங்களை வரிசையாகச் சொல்லி, கேட்கிறவனைத் தோற்கிற மேசையில் கொண்டுபோய் உட்காரவைக்கிற எழுத்து இது. கவிதையில் ஒரு காற்புள்ளிக்கு மூன்று நாள் சண்டை போடும் நாம், இதை ஒரு எழுத்தாக எடுத்து வாசிக்கவே இல்லை.

நான் இருப்பது கேமரன் மலையில், கியா பார்ம் பக்கம். பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே வரும் ஊர். சுற்றுலா வருகிறவர்களுக்கு இது ஸ்ட்ராபெரி, சோளம், காய்கறிச் சந்தை, வார இறுதியில் நகராமல் நிற்கும் வாகன வரிசை. இங்கேயே இருப்பவர்களுக்குப் பண்ணை வேலை, ஹோட்டல் வேலை, அந்தப் பக்கம் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். வேலை முடிந்த குளிரில் பையன்களுக்குப் போக்கிடம் கைப்பேசிதான். அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான்: “அண்ணே, இது நம்பர் எடுக்கிற மாதிரி இல்லலா. இது லக்கு இல்ல, ஸ்கில்லு.”

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் என் சண்டை. அவன் சொன்னது உண்மை என்பதால் சண்டை கொஞ்சம் நீளும்.

*

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கு நடுவில் சேர்ந்த பணம் முழுவதும். பந்தயம் நான்கு சுற்று. லிமிட் என்றால் பந்தயத்தின் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது என்று அர்த்தம். ‘இரண்டு–நான்கு’ மேசையில் முதல் இரண்டு சுற்றுக்கு இரண்டிரண்டு வெள்ளி, கடைசி இரண்டு சுற்றுக்கு நான்கு நான்கு வெள்ளி. ஒரு சுற்றுக்குள் வழக்கமாக நான்கு பந்தயத்துக்கு மேல் ஏற்ற விடமாட்டார்கள். கையில் இருப்பதை மொத்தமாக நடுவில் தள்ளிவிட்டுச் சாய்ந்து உட்காரும் சினிமாக் காட்சி இந்த ஆட்டத்தில் நடக்காது.

அதனால்தான் இது ஆரம்பக்காரர்களுக்குப் பாதுகாப்பானது என்று எல்லாக் குறிப்பும் தொடங்குகிறது. கணக்குப் பார்ப்போம். எல்லாச் சுற்றும் உச்சம் வரை போனால் எட்டு, எட்டு, பதினாறு, பதினாறு. ஆக 48 வெள்ளி. மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளாக வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். பாதுகாப்பான ஆட்டத்தில் ஒரே ஒரு கை, முழுதாகப் போய்த் தோற்றால், முக்கால் நாள் கூலி. ஒரு கை முடிய இரண்டு நிமிடம்கூட ஆகாது. எல்லை போட்டிருப்பது பந்தயத்துக்கு. இரவுக்கு எல்லை இல்லை, சம்பளத்துக்கு எல்லை இல்லை. கடன் கொடுக்கிற ஆலோங்குக்கும் எல்லை கிடையாது. அவன் எண்ணை விளக்குக் கம்பத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறான்.

இனி உத்திகள். முதல் உத்தி: வருகிற கைகளில் பெரும்பாலானதைத் தூக்கிப் போடு. ஐந்தில் ஒன்றை ஆடினால் போதும். மிகச் சரி. இரண்டாவது: உட்காரும் வரிசையைக் கவனி, கடைசியாகப் பேசுகிறவனுக்கு மற்றவர்கள் செய்தது தெரியும். இதுவும் சரி. மூன்றாவது: எண்ணு. ஒரே பூவில் ஐந்து சேர உனக்கு இன்னும் ஒன்று வேண்டும், ஒரே ஒரு சீட்டு திறக்கப் பாக்கி. நீ பார்க்காத 46 சீட்டில் ஒன்பது உனக்கு உதவும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. எனவே நீ போடப்போகும் நான்கு வெள்ளிக்கு நடுவில் பதினாறு, பதினேழு வெள்ளியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் விலகு. நான்காவது: சின்ன லிமிட்டில் பொய்ப் பந்தயம் கட்டி மிரட்டாதே, எவனும் பயப்படமாட்டான், நல்ல கை வந்தால் மட்டும் அடித்து ஆடு.

இவற்றை ஒழுங்காகக் கற்று, பொறுமையாக ஆடி, கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினால் என்ன கிடைக்கும்? இந்த ஆட்டத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: மணிக்கு ஒரு பெரிய பந்தயம் ஜெயித்தால் அவன் நல்ல ஆட்டக்காரன். இரண்டு–நான்கு மேசையில் பெரிய பந்தயம் நான்கு வெள்ளி. மணிக்கு நான்கு வெள்ளி! குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு வகுத்தால் எட்டு வெள்ளி சொச்சம் வருகிறது. அதாவது இந்தக் கலையில் தேர்ச்சி பெற்றவனுக்கு, சட்டப்படி யாருக்கும் அதற்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாத கூலியில் பாதி கிடைக்கும். அதுகூட மாதா மாதம் வராது. ஏற்ற இறக்கத்தைத் தாங்க 300 பெரிய பந்தயம் அளவுக்கு ஒதுக்குப் பணம் வேண்டும் என்பதும் இவர்களே சொல்கிற கணக்குதான். 1,200 வெள்ளி. பண்ணையில் வேலை செய்கிற பையன் சும்மா எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருக்கக்கூடிய பணமா அது?

சரி, பெரிய மேசைக்குப் போகலாமே என்பார்கள். பெரிய மேசையில் இருப்பவர்களும் இதே குறிப்புகளைப் படித்தவர்கள்.

*

குறிப்புகள் அவசரமாகக் கடந்துபோகிற ஒரு விஷயம் கழிவு. ரேக் என்பார்கள். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேர்ந்த பணத்திலிருந்து மேசைக்காரன் ஒரு பங்கு எடுத்துக்கொள்வான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

ஒரு கற்பனை மேசையை வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர், ஆளுக்கு 200 வெள்ளி, மொத்தம் 1,800. மணிக்கு 35 கை. கைக்குச் சராசரியாக மூன்று வெள்ளி கழிவு என்றால் மணிக்கு 105 வெள்ளி. ஆறு மணி நேரத்தில் 630 வெள்ளி மேசையை விட்டே போயிருக்கும். ஒன்பது பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால் ஒன்பது பேருக்கும் நஷ்டம். பதினெட்டாவது மணியில் மேசையில் காசே இருக்காது. எல்லாரும் நன்றாக ஆடினார்கள், யாரும் தப்புச் செய்யவில்லை, ஆனாலும் பணம் தீர்ந்துவிட்டது.

அப்படியானால் ஒருவன் ஜெயிப்பது எப்படி? கழிவுக்குப் போவதையும் ஈடுகட்டி மேலே எடுக்கிற அளவுக்கு வேறு சிலர் மோசமாக ஆட வேண்டும். ஆகவே மிக முக்கியமான உத்தி பட்டியலின் கடைசியில் அமைதியாக வருகிறது: பலவீனமான மேசையைத் தேர்ந்தெடு. யார் மேசையில் ஏமாளி என்று பார். அரை மணியில் தெரியவில்லை என்றால் அந்த ஏமாளி நீதான் என்று சூதாடிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு.

இங்கேதான் வாசகனாக நான் நின்றுவிடுகிறேன். இந்தக் குறிப்பு யாரை நோக்கி எழுதப்பட்டது? ‘ஆரம்பக்காரரே, வாருங்கள்’ என்று அழைத்த அதே குரல், ‘ஆரம்பக்காரர்கள் இருக்கும் மேசையாகப் பார்த்து உட்காருங்கள்’ என்கிறது. அழைக்கப்பட்டவனும் வேட்டைப்பொருளும் ஒரே ஆள். முதல் பத்தியில் ‘நீ’ என்று விளிக்கப்பட்டவன் கடைசிப் பத்தியில் ‘அவன்’ ஆகிவிடுகிறான். கதைசொல்லியை நம்பலாமா கூடாதா என்று இரவெல்லாம் பேசுகிறோமே, இதைவிட நம்பக்கூடாத கதைசொல்லி எங்கே இருக்கிறான்?

*

திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2015 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு பேர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டம் தீர்க்கப்பட்டுவிட்டது என்று ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். 4,800 கணினிச் செயலிகளை இரண்டு மாதத்துக்கு மேல் தனக்குத்தானே ஆடவிட்டு உருவாக்கிய நிரலுக்குப் பெயர் செஃபியஸ். ஒரு மனிதன் ஆயுள் முழுக்க அதனோடு ஆடினாலும் அதன் ஆட்டத்தில் ஓட்டை இருப்பதை நிரூபிக்கிற அளவுக்கு ஜெயிக்க முடியாது. ஆக, இந்த ஆட்டத்தில் திறமை என்பது, குறைந்தபட்சம் இருவர் ஆட்டத்தில், கணக்குப் போட்டு முடித்த ஒரு பெரிய அட்டவணை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் கைப்பேசிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கலாம். நம் பையன் பத்து உத்திகளோடு இந்தப்புறம் உட்கார்ந்திருக்கிறான்.

என் கோபம் திறமை இருப்பதைப் பற்றியது அல்ல. அந்தச் சொல் தோற்றவனுக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றியது.

இந்நாட்டில் நாலு நம்பர் எடுக்காத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், கவிழ்ந்த லோரியின் பதிவெண் ஒரு நம்பர், புதிதாகப் பிறந்த பேரப்பிள்ளைக்கு ஒரு நம்பர். முதல் பரிசுக்கு வாய்ப்பு 10,000-ல் ஒன்று என்பது படிக்காத பாட்டிக்கும் தெரியும். அடிக்கவில்லையென்றால் அவள் சாமியைத் திட்டுவாள், துண்டைக் கிழித்துப் போடுவாள், சோறு வடிக்கப் போய்விடுவாள். தோல்வி அவளுக்கு வெளியே நடந்தது. நான் அந்த வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அதிலும் நம் காசு போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் நம்பர் அவளை முட்டாள் என்று சொல்வதில்லை.

போக்கர் சொல்கிறது. தோற்றவனிடம் அது சொல்வது: நீ சரியாக ஆடவில்லை. அந்தக் கையை நீ விலக்கியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் படி. தோல்வி ஒரு தேர்வு முடிவாகிவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைக்குச் சிறுவயதிலிருந்து நாம் சொன்னது என்ன? படி, உழை, திறமை இருந்தால் மேலே வரலாம். அந்த நல்ல வாக்கியத்தை அப்படியே திருடி இதில் ஒட்டியிருக்கிறார்கள். சூதாட்டத்தை விட்டு எழுந்திருப்பது அவனுக்குப் படிப்பை நிறுத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் விட்டதைப் பிடிக்கப் போகிறவனைவிட, கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று திரும்பப் போகிறவனை நிறுத்துவது கஷ்டம்.

*

எங்கள் மலைக்கும் இந்த வியாபாரத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1964-ல் கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் ஒப்பந்தக்காரராக வேலை பார்த்துக்கொண்டிருந்த லிம் கோ தோங், இங்கே ஒரு மாலை உணவு வேளையில், மக்கள் குளிர்காற்றை எப்படி அனுபவிக்கிறார்கள் என்று கவனித்தாராம். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மலை வாசஸ்தலம் இருந்தால் என்ன என்று யோசித்தார். அந்த யோசனைதான் கெந்திங் மலை. 1969-ல் சூதாட்ட உரிமம் கிடைத்தது. 1971-ல் முதல் ஹோட்டல் திறந்தது. நாட்டின் ஒரே சட்டபூர்வமான கேசினோ எங்களுடைய இதே பகாங் மாநிலத்தில்தான் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. மிச்சம் இருப்பவர்களில் நாமும் உண்டு.

ஆனாலும் கெந்திங் போக பஸ் ஏற வேண்டும், நல்ல சட்டை போட வேண்டும், வயதைக் காட்ட வேண்டும், திரும்பி வர வேண்டும். அந்தத் தூரமே ஒரு லிமிட்டாக இருந்தது. கைப்பேசி அதை அழித்துவிட்டது. நம்முடைய பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் 1953-ஆம் ஆண்டினுடையது. வீடு, கதவு, மேசை இருக்கிற சூதாட்டத்தை மனதில் வைத்து எழுதியது. போர்வைக்குள் நடக்கிற ஆட்டத்தை அது எப்படிப் பிடிக்கும்?

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பணம் இழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்த பிறகு அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை கொண்டுவந்தது. 2021-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றைத் தடைப்பட்டியலில் வைக்க முடியாது என்றது. ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருந்தது. இத்தனை ஆண்டுகளும் வழக்கு அந்த ஒரு சொல்லைச் சுற்றியேதான் நடந்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது, அதற்கு விளம்பரமும் கூடாது என்றது. நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கின்றன. தீர்ப்பு எப்படி வந்தாலும், ‘திறமையா அதிர்ஷ்டமா’ என்ற கேள்வியைக் கீழே போட்டது சரி என்றே நினைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி, பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான்.

*

சூது என்றால் நம் ஆட்கள் உடனே தருமனைக் கூப்பிடுவார்கள். நான் நளனைக் கூப்பிடுகிறேன். மகாபாரதத்தில் நளனுக்குச் சூதின் நுட்பத்தைச் சொல்லித்தருபவன் ரிதுபர்ணன். ஓடும் தேரிலிருந்தபடி ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்த்து அசந்துபோகிறான். குதிரை வித்தைக்கு மாற்றாக எண் வித்தை. ஆரம்பக்காரனுக்கு உத்தி சொன்ன மிகப் பழைய கதை இதுவாகத்தான் இருக்கும். அதைக் கற்றுக்கொண்டு போய் நளன் புஷ்கரனிடம் நாட்டை மீட்கிறான். “பாத்தீங்களா, ஸ்கில்லு!” என்பார்கள். ஆமாம். ஆனால் அந்த ஆட்டத்தில் கழிவு எடுக்கிற மூன்றாவது ஆள் இல்லை. எதிரில் இருப்பவன் தன்னிடமிருந்து பறித்தவன். வித்தை ஒருவனுக்கு மட்டும் சொல்லப்பட்டது. புஷ்கரனுக்கு அதே பத்து உத்தி போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கதையைச் சொன்ன பிருகதசுவ முனிவர் தருமனுக்கும் அந்த வித்தையைக் கற்பிக்கிறார். கற்ற பிறகு தருமன் இன்னொரு தடவை துரியோதனன் மேசைக்குப் போகவில்லை.

“அப்ப சீட்டே ஆடக்கூடாதா?” என்று கேட்பார்கள். தாராளமாக ஆடுங்கள். தீபாவளிக்கு லயத்து வாசலில், இழவு வீட்டில் இரவு விழித்திருக்க, மாமன் மச்சான் சேர்ந்து சீட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே போகிற காசு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. தோற்றவனுக்கும் அதே அடுப்பிலிருந்து தேத்தண்ணி வருகிறது. ஒருத்தன் அளவுக்கு மீறினால் “போதும்டா, எந்திரி” என்று கையைப் பிடித்து இழுக்க ஒரு அத்தை இருக்கிறாள். நண்பர்களோடு காசில்லாமல் ஹோல்டம் ஆடினால் நிகழ்தகவு நன்றாகவே புரியும். மேலே சொன்ன நான்கு உத்தியும் அதற்குப் போதும்.

நான் இதை எழுதுவது அந்தப் பையன்களுக்காக இல்லை. அவர்கள் இந்த இதழை வாசிப்பதில்லை. இது உங்களுக்கு. இந்தக் குறிப்புகளின் தமிழ் நன்றாக இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? இயந்திர மொழிபெயர்ப்பு இல்லை. ஒற்றுப்பிழை இல்லை. வாசகனை எப்படி அழைப்பது, எங்கே ஒரு பழமொழி போடுவது என்று தெரிந்த கை. அந்தக் கை நம்மிடமிருந்துதான் போகிறது. எனக்கே ஒரு தடவை கேட்டார்கள்: ஆரம்பக்காரர்களுக்கு லிமிட் ஹோல்டம், 1,500 சொல், தோழமையான தொனி, ‘சூது’ என்ற சொல் எங்கும் வரக்கூடாது, ‘திறமை’ என்ற சொல் ஐந்து இடத்திலாவது வர வேண்டும். கொடுப்பதாகச் சொன்ன கூலி எந்தச் சிற்றிதழும் தராதது. நான் மறுத்துவிட்டேன். வேறு யாரோ எழுதியிருப்பார்கள். கதை எழுதிச் சோறு கிடைக்காத நாட்டில் எழுத்துக்கூலி வாங்குவதை நான் பழிக்கவில்லை. விளம்பரம் எழுதுங்கள், சோப்புக்கு எழுதுங்கள், வீட்டுமனைக்கு எழுதுங்கள். ‘சூது’ என்று எழுதாதே என்று ஒருவன் காசு கொடுக்கிறபோது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சொல்லுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார். அதை அழித்துத் தர உங்களைத்தான் தேடி வருகிறார்கள், ஏனென்றால் சொல்லின் எடை உங்களுக்குத்தான் தெரியும்.

அப்படியே எழுதியாக வேண்டும் என்றால், பத்து உத்திகளுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்து அனுப்பிப் பாருங்கள்: ‘தம்பி, இந்த மேசையில் உனக்காகப் பிடித்து வைத்திருப்பது தோற்கிறவனின் நாற்காலி.’ எழுத்துப்பிழை இல்லாத, தோழமையான தொனியில் உள்ள வாக்கியம்தான். அதற்கும் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார்களா, பார்ப்போம்.